முனியாண்டிக்கு ஊற்றிய சீமைச் சரக்கு

போடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் மலைச்சாலையில், பன்னிரண்டாம் கொண்டை ஊசி வளைவில் மட்டும் மழை சாய்ந்து பெய்யத் தொடங்கிய அந்தச் சாயங்காலம், ஏலத்தோட்ட வேலை முடிந்து ஜீப்புகளில் இறங்கிவந்த பெண்கள் துண்டை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டார்களே தவிர, யாரும் அதை அதிசயம் என்று வாயைப் பிளக்கவில்லை. ஏனென்றால் அதைவிடப் பெரிய அதிசயம் சற்று முன்புதான் அதே வளைவில் நடந்திருந்தது. ரிடையரான அரசு பஸ் டிரைவர் வீரணன், ஸ்காட்லாந்திலிருந்து மகள் கொண்டுவந்து கொடுத்த சிங்கிள் மால்ட் விஸ்கியை மூடி திருகித் திறந்து, தன் நாக்கில் ஒரு சொட்டுகூடப் படாமல், வளைவு முனியாண்டியின் குழிக்கல்லில் அரை டம்ளர் அளவுக்கு ஊற்றிவிட்டார்.

“கல்லுக்கு ஊத்துறதுக்கா மாமா அது கடல் தாண்டி வந்துச்சு?” என்று ஜீப் டிரைவர் சுருளிவேல் தலையில் அடித்துக்கொண்டான். அடித்துக்கொண்ட கையோடு, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குழிக்கல்லின் விளிம்பில் வழிந்ததை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கட்டிங் வாங்கினால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் இறக்கிவிட்டு ஊறுகாயை நக்குகிற ஆள் அவன். விரலை இன்னொரு தரம் சப்பினான். பிறகு, “காட்டமே இல்ல மாமா. இனிப்பு இருக்கு, உறைப்பும் இருக்கு, ஆனா ஒண்ண ஒண்ணு மிதிக்கல. புதுசாக் குடிக்கிறவன்கூட மூஞ்சியச் சுழிக்க மாட்டான்” என்றான். சொல்லும்போது அவன் குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாக இருந்தது.

அந்த முனியாண்டி ருசி பார்க்கிறவர் இல்லை. சாராயக் காலத்தில் சாராயம் குடித்தார், ரம் வந்த காலத்தில் ரம் குடித்தார், லாரிக்காரன் பிராந்திக் குப்பியைத் திறந்து விரலை முக்கி நாலு சொட்டுச் சுண்டிவிட்டாலும் அதற்கும் கோபிக்காமல் அவன் பிரேக்கைக் காத்துக் கொடுத்தார். சுருட்டு வைத்தால் சுருட்டு, பீடி வைத்தால் பீடி. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் எந்த வண்டியும் அவரைத் தாண்டியதில்லை. இத்தனை தலைமுறையாக அவரிடம் வேண்டாததை எல்லாம் வேண்டிக்கொண்ட சனங்கள், சாமிக்குச் சொந்த ஊர் எது என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. அந்த மலையை உடைத்துப் பாதை போட்ட காலத்தில் ஏதோ ஒரு வெள்ளைக்காரத் துரை அந்த வளைவில் விழுந்து செத்தானென்றும், அவனைப் புதைத்த இடத்தில்தான் கல் நட்டார்களென்றும் டீக்கடை அன்னக்கொடியின் மாமியார் சொல்லியிருந்தாள். அவள் சொன்னதில் பாதி பொய் என்பதால் ஊர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீரணன் அந்தச் சாலையில் ஆயுள் முழுக்கப் பஸ் ஓட்டியவர். மகளுக்குப் போதுமணி என்று பேர் வைத்தது, அவளுக்கு முன்னால் பிறந்த பெண்கள் ஒன்றுகூடத் தங்காமல் போனதால், ஆத்தா தாயே இந்த ஒருத்தி போதும், இவளை விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டதால்தான். பள்ளி லீவில் அவளை என்ஜின் பானட்டின் மேல் சாக்கு மடித்துப் போட்டு உட்காரவைத்துக் கூட்டிப்போவார். மேட்டில் மழை கொட்டி, முன்னால் போகும் லாரிகள் எல்லாம் ஓரங்கட்டி நிற்க, கண்ணாடிக்கு வெளியே தன் கையே தெரியாத மூட்டத்தில் அந்தச் சின்னது திரும்பிப் பார்த்து, “நீங்க ஓட்டுனா வரும்ல அய்யா?” என்று கேட்கும். “வரும் ஆத்தா, நான் ஓட்டுனா வரும்” என்பார். வரும். ஒருமுறைகூட வராமல் இருந்ததில்லை. அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

போதுமணி நர்ஸ் படித்து, ஸ்காட்லாந்தில் மலையும் குளிருமான ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். புறப்பட்ட அன்று அவள் சூட்கேஸின் பூட்டு சரியில்லையென்று வீரணன் பஸ் மேலே லக்கேஜ் கட்டும் மஞ்சள் நைலான் கயிற்றால் அதைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக்கொடுத்தார். சில வருஷம் கழித்து ஒரு மார்கழியில் அவர் மனைவி ஒச்சம்மா திடீரென்று கண்ணை மூடினாள். மகள் வருவாள் மகள் வருவாள் என்று ஐஸ் பெட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அதற்குமேல் வைக்கக்கூடாது என்று சொந்தபந்தம் நெருக்க, எடுத்துவிட்டார்கள். காடாற்றின பிறகுதான் போதுமணி வந்து சேர்ந்தாள். முழங்கால் அளவுக்குப் பனி கொட்டிக் கிடந்தது, ஏர்போர்ட்டுக்குப் போகிற பஸ்ஸே ஓடவில்லை, நான் என்ன செய்வேன் அய்யா என்று வாசலில் விழுந்து அழுதவளைப் பார்த்து, ஊரே கேட்க, வீரணன் சொன்னார்: “பனி பெஞ்சா பஸ் ஓடாதா? நான் ஓட்டியிருந்தா வந்திருக்கும்.”

அதோடு பேச்சு அறுந்தது. போனில் அவள் பேசுவாள், இவர் காதில் வைத்துக்கொண்டு இருமுவார். பொய் சொல்லிவிட்டாள் என்ற நினைப்பு தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மூன்றாம் வருஷத் திதிக்கு வந்தவள், திரும்புகிற அன்று இந்தப் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். “இது அங்க எங்க ஊர்லயே காய்ச்சுறது அய்யா. முளைகட்டுன பார்லி, ஆத்துத் தண்ணி, அம்புட்டுத்தான். மரப்பீப்பாய்ல வருஷக்கணக்கா உறங்குனது. மடக்குனு அடிச்சிராதீங்க. மோந்து பாருங்க, கொஞ்சமா எடுத்து நாக்குல வச்சிருங்க. ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா இன்னும் மலரும்” என்றாள். வீரணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போனதும், வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனசில்லாமல், உடைக்கவும் துணியாமல், தான் விளக்குப் போடுகிற முனியாண்டியிடமே கொண்டுபோனார். வீட்டில் வைக்கக் கூடாததைச் சாமிக்குக் கொடுத்துவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம்.

மழை சாய்ந்து பெய்தது அப்போதுதான். மேலிருந்து விழாமல், பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல, மலையின் குறுக்கே வந்தது. மறுநாள் விடிந்தபோது முனியாண்டிக்குப் பின்னால் இருந்த பாறைச் சரிவு ஊதாப் பூவாகக் கிடந்தது. ஏலத்தோட்டப் பெண்கள் ஜீப்பை நிறுத்தி ஆளுக்கொரு கொத்துப் பறித்துத் தலையில் வைத்துப் பார்த்து, மணமில்லாத பூ என்ன பூ என்று அடுத்த வளைவில் தூக்கிப்போட்டார்கள். இரண்டு நாளில் பூ வாடி, சரிவு பழையபடி பாறையாயிற்று. வீரணன் மறுபடி ஊற்றினார். மறுபடி பூத்தது, இந்தமுறை பூவோடு கல் அடுக்கிய மதிலும், மதிலுக்கு அந்தப்பக்கம் மூஞ்சி மட்டும் கரிச்சட்டியாயும் உடம்பெல்லாம் பஞ்சுமூட்டையாயும் நாலைந்து செம்மறியாடுகளும் வந்தன. சாமிக்குப் பிறந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது என்று சனங்கள் புரிந்துகொண்டார்கள். வராதா பின்னே என்றார்கள். துபாயில் இருக்கிறவன் சுண்டைக்காய் வத்தலைப் பார்த்து அழுகிறானே, சாமிக்கு மட்டும் நாக்கு இல்லையா என்றார்கள்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொன்னால் ஒரு இரவு போதாது. அன்னக்கொடி அடுப்பை உள்ளே தள்ளிவைத்து, டீயில் இஞ்சியை இரண்டு பங்காக்கி, விலையை மட்டும் ஏற்றாமல் விட்டாள், சாமி ஏக்கத்தில் இருக்கும்போது சம்பாதிக்கக் கூடாதென்று. ஜீப்காரர்கள் பதினோராம் வளைவில் நிறுத்தி எல்லோரையும் மப்ளர் கட்டச்சொல்லிவிட்டு, பதின்மூன்றாம் வளைவில் அவிழ்க்கச் சொன்னார்கள். செம்மறிகளைப் பொங்கலுக்கு வெட்டலாமா என்று பஞ்சாயத்து கூடி, சாமி வளர்த்த ஆட்டைச் சாமிக்கே வெட்டினால் அது படையலா திருட்டா என்ற கேள்வியில் சிக்கி, டீ குடித்துக் கலைந்தது. வனத்துறையிலிருந்து ஒரு வாட்சர் ஆடுகளை விரட்ட வந்தார். அவை அவரை உற்றுப் பார்த்த பார்வையில் தன் பள்ளிக்கூட வாத்தியார் ஞாபகம் வந்து திரும்பிப்போனார். கேரளாப் பக்கமிருந்து வந்த புது மாப்பிள்ளை பெண்டாட்டிகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். யாரும் வீரணனை ஏன் ஊற்றுகிறாய் என்றோ, ஏன் நிறுத்தவில்லை என்றோ கேட்கவில்லை.

அவர் முதலில் வீம்புக்குத்தான் ஊற்றினார். பிறகு நிறுத்த முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. ஒரு சாயங்காலம் மதிலுக்கு அப்பால் சரிவின் கடைசியில் ஒரு தார்ச்சாலை தெரிந்தது. சாலையோரம் கண்ணாடி வைத்த சின்ன பஸ் நிறுத்தம். அதற்குள் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண், ஒரு காலில் பாரத்தைப் போட்டு, கைப்பையின் வாரைக் கடித்தபடி நின்றாள். அப்படி நிற்கிற பெண்ணை வீரணன் உலகத்தில் ஒருத்தியைத்தான் பார்த்திருக்கிறார். அவள் காலடியில் இருந்த சூட்கேஸில் குறுக்கும் நெடுக்குமாக மஞ்சள் நைலான் கயிறு.

“ஏத்தா!” என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. மதிலைத் தாண்டி நடந்தார், புல் சொதசொதவென்று செருப்பைப் பிடித்திழுக்க நடந்துகொண்டே இருந்தார், முட்டி வலிக்க நிமிர்ந்து பார்த்தால் அன்னக்கொடி கடையின் பின்பக்கம் கரி கொட்டுகிற இடத்தில் நின்றிருந்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு மூடி அளவுக்கு ஊற்றினார், ஒவ்வொரு நாளும் நடந்தார். ஊற்ற ஊற்ற அந்த நாட்டில் பருவம் முற்றியது. பூ கருகி, புல் பழுத்து, ஆடுகள் மதிலோரம் ஒண்டி, ஒருநாள் வானத்திலிருந்து இலவம்பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் போடுவதுபோலப் பனி விழ ஆரம்பித்தது. போடியிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வீரணன் பனியைப் பார்க்கவில்லை, சாலையைப் பார்த்தார். சாலை தெரியவில்லை. தூரத்தில் ஒரு பஸ் வந்தது, ஏற்றத்தில் திணறி, பின்பக்கம் வழுக்கி, மதிலில் உரசி நின்றது. அதன் டிரைவர் இறங்கி, குனிந்து டயரைப் பார்த்தார், மண்வெட்டியால் பனியை வாரிப் பார்த்தார், மறுபடி ஏறிக் கியரைப் போட்டுப் பார்த்தார். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. இதற்குமேல் என்னென்ன செய்யலாம் என்று வீரணன் இங்கிருந்தபடியே கால்களால் பிரேக்கையும் கிளச்சையும் மிதித்துப் பார்த்தார். மனசுக்குள் ரிவர்ஸில் தளர்த்திப் பார்த்தார். சாக்கைப் போட்டு ஏற்றிப் பார்த்தார். அத்தனையையும் அந்த டிரைவரும் செய்தார், சாக்குக்குப் பதிலாகத் தன் சொந்தக் கோட்டைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். கடைசியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

தாயின் சாவுக்குப் புறப்பட்டு நிறுத்தத்தில் நின்றவள் அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

வீரணன் குழிக்கல்லின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். ஒச்சம்மாவை எடுத்தபோது அழாத அழுகையும் அதில் சேர்ந்திருந்தது. எம் பிள்ளை பொய் சொல்லலையே, எம் பிள்ளை பொய் சொல்லலையே என்று வாய்விட்டுப் புலம்பினார். பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது. அதை ஊற்றித் தீர்த்துவிட்டால் சாலை போய்விடும், நிறுத்தம் போய்விடும், அந்தப் பிள்ளை யாரும் வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் பனியில் நின்றது நின்றபடியே போய்விடும். மூடியைத் திருகினார்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிற மாட்டியளே?” என்று அன்னக்கொடி டீ கிளாஸோடு வந்து நின்றாள். “நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். கிடா வெட்டுனாலும் சரி, சரக்கு ஊத்துனாலும் சரி, படைச்சவுக பங்கு எடுக்கணும்ல? சாமி ஒத்தையிலயா குடிப்பாரு? ஒத்தையில குடிச்சா ஏக்கந்தேன் வரும். நீங்க ஒரு நாளாச்சும் பங்கு எடுத்தீகளா?”

வீரணன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வழக்கம் தெரியாதவர் இல்லை. ஊருக்கெல்லாம் படையல் பங்கு பிரித்துக் கொடுத்த கை அது. மகள் கொடுத்ததை வாயில் வைக்க மாட்டேன் என்ற வீம்பில், சாமிக்கு முன்னால் அந்த ஒன்றை மட்டும் மறந்திருந்தார்.

“டம்ளர் இருக்கா தாயி?” என்றார்.

பாதியைக் குழிக்கல்லில் விட்டார். பாதியை அன்னக்கொடி கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினார். கையை நீட்டி, விழுந்துகொண்டிருந்த பனியில் இரண்டு துணுக்குகளை அதில் வாங்கினார். கரைந்தன. முகர்ந்தார். போதுமணி சொன்னபடி ஒரு மிடறு எடுத்து, விழுங்காமல், நாக்கில் வைத்தார்.

முதலில் பேரிக்காய் வந்தது, கொடைக்கானல் வண்டியில் கூடையோடு ஏறும் கனிந்த பேரிக்காய். அதன் பின்னாலேயே தேன். தேன் தித்தித்து முகத்திலடிப்பதற்குள் வறுத்த கேப்பை வாசம் வந்து அதன் கையைப் பிடித்துக்கொண்டது, ஒச்சம்மா முளைகட்டிய கேப்பையை வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் புரட்டிப் புரட்டி வறுக்கும் அந்த வாசம், பிள்ளைக்குக் கூழ் காய்ச்ச. கொஞ்சம் உறைப்பு, ஏலக்காயை மென்று முடித்த பின் இருக்குமே, அம்மாதிரி. எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கோ அடுத்த மலையில் யாரோ அடுப்பு மூட்டியதுபோல ஒரு துளிப் புகை. ஒன்றும் ஒன்றைத் தள்ளவில்லை. விழுங்கினார். தொண்டையை எரிக்காமல், நெஞ்சுக்குள் இறங்கி, என்ஜின் பானட்டின் மேல் மடித்துப் போட்ட சாக்கின் சூடு மாதிரி அங்கேயே தங்கியது. அந்தச் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தவளின் எண்ணெய்த் தலை வாசம்கூட அதில் எங்கோ இருந்தது. இவ்வளவையும் கட்டி ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வைத்தாளே, நான் சுவரைப் பார்த்தேனே என்று நினைத்தார்.

மீதி ஒரு மிடற்றைக் குடிக்கவில்லை. டம்ளரை வேட்டி நுனியால் மூடிக்கொண்டு எழுந்து, மதிலைத் தாண்டி நடந்தார். பனி முழங்காலைப் பிடித்தது. ரப்பர் செருப்பு ஒன்று போயிற்று, அதைத் தேடவில்லை. அன்னக்கொடியும் சுருளிவேலும், ஜீப்பிலிருந்து இறங்கின பெண்களும் முனியாண்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தமுறை அவர் கரி கொட்டுகிற இடத்துக்கு வரவில்லை. சின்னதாகி, சின்னதாகி, கண்ணாடி வைத்த அந்த நிறுத்தத்துக்குள் போய்ச் சேர்ந்தார்.

போதுமணி திரும்பிப் பார்த்தாள். அதிசயப்படவில்லை. அழுது வீங்கிய முகத்தோடு, “வெறுங்காலோட வந்திருக்கீங்களே அய்யா” என்றாள். சூட்கேஸை நகர்த்தி உட்கார இடம் விட்டாள்.

உட்கார்ந்தார். டம்ளரை அவள் கையில் கொடுத்தார். “சாமி பங்கு. உனக்குன்னு வச்சிருந்தேன். மடக்குனு அடிச்சிராத.”

அவள் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் டம்ளரை வைத்துச் சூடேற்றி, ஒரு மிடறு எடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். “அம்மா கேப்பை வறுக்குற மாதிரி இருக்குல்ல?” என்றாள்.

“அதேதான்” என்றார்.

எதிரே அந்த பஸ் பாதிச் சக்கரம் புதைந்து நின்றது. அதன் டிரைவர் கோட்டு இல்லாமல் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். போதுமணி அதையே பார்த்துக்கொண்டு, ரொம்ப வருஷத்துக்கு முந்தைய குரலில் கேட்டாள்.

“நீங்க ஓட்டுனா வரும்ல அய்யா?”

வீரணன் சாலையைப் பார்த்தார். ஏற்றத்தைப் பார்த்தார், வளைவைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். ஆயுள் முழுக்க மலைச்சாலையில் வண்டி ஓட்டியவர் பார்க்கிற விதமாக நன்றாகவே பார்த்தார். பிறகு அவள் தலையில் விழுந்திருந்த பனியைக் கையால் தட்டிவிட்டார்.

“வராது ஆத்தா” என்றார். “எவன் ஓட்டுனாலும் வராது.”